பாயிண்டு எந்த ஜீனில் இருக்கிறது?

கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பக்கம் மரவள்ளி போட்டவரிடம் "கிழங்கு என்ன விலைக்குப் போச்சு?" என்று கேட்டால் பதிலோடு இன்னொரு கணக்கும் சேர்ந்து வரும்: பாயிண்டு எவ்வளவு நின்றது என்பது. பாயிண்டு என்றால் வேறொன்றுமில்லை, கிழங்கில் இருக்கும் மாவுச்சத்தின் அளவு. சேலம், ஆத்தூர் வட்டார சேகோ ஆலைகளுக்கு எடை மட்டும் போதாது. தண்ணீரை எடை போட்டு வாங்கி என்ன செய்வது? மாவு அதிகமுள்ள கிழங்கு தண்ணீரைவிடக் கனமாக இருக்கும், மாவு குறைந்தால் கனமும் குறையும். இந்த வித்தியாசத்தை வைத்தே மாவுச்சத்தைக் கணக்கிட்டுவிடலாம்.

28 பாயிண்டு எதிர்பார்த்த இடத்தில் 25 நின்றால் வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது என்று அர்த்தம். பிடுங்கிய கூலி அதேதான், டிராக்டர் வாடகை அதேதான், பத்து மாதம் களை எடுத்த செலவும் அதேதான். காஸ்ட் அக்கவுண்டிங் முதல் பாடம் படித்தவருக்கே புரியும், செலவு மாறாதபோது குறையும் வருமானம் முழுக்க லாபத்திலிருந்துதான் கழியும்.

அந்த மூன்று பாயிண்டு எங்கே போயிற்று? மண்ணா, மழையா, ரகமா, இரண்டு மாதம் முன்னால் பிடுங்கியதா? (காய்ச்சலுக்குப் பிறகு மழை பெய்து செடி புதிதாகத் துளிர் விட்டால், கிழங்கில் சேர்த்து வைத்த மாவைத்தான் எடுத்துச் செலவழிக்கும்.) இல்லை, எல்லாமே ஜீனில் எழுதியிருக்கிறதா?

மாவுச்சத்துக்கான ஜீனைக் கண்டுபிடித்து விட்டார்கள், மகசூலுக்கான ஜீனைக் கண்டுபிடித்து விட்டார்கள் என்று வருடத்துக்கு நாலு செய்தியாவது வருகிறது. அந்தச் செய்திகளை எந்த அளவுக்கு நம்பலாம், பணத்தை எங்கே போடலாம் என்பதுதான் இங்கே விஷயம்.

செடியின் குணங்கள் இரண்டு வகை. பூ வெள்ளையா ஊதாவா என்பது ஒரு வகை. மெண்டல் பட்டாணியில் பார்த்தது இதைத்தான். உயரம், எடை, மகசூல், மாவுச்சத்து, வறட்சி தாங்குவது எல்லாம் இன்னொரு வகை. இங்கே ஆமா, இல்லை என்ற பதில் கிடையாது, எவ்வளவு என்பதுதான் கேள்வி. இப்படி அளந்து சொல்ல வேண்டிய குணங்களுக்குப் பின்னால் ஒரு ஜீன் இல்லை, பல ஜீன்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போடுகின்றன என்பதை ரொனால்ட் ஃபிஷர் 1918-லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். அந்தப் பங்குதாரர்கள் குரோமோசோமில் எங்கெங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தேடும் வேலைக்குத்தான் க்யூடிஎல் மேப்பிங் என்று பெயர். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மொய் நோட்டு தெரிந்தால் போதும்.

ஒரு கல்யாணத்தில் மொத்தம் எவ்வளவு மொய் விழுந்தது என்று மட்டும் தெரியும், யார் எவ்வளவு எழுதினார்கள் என்ற நோட்டு தொலைந்து போயிற்று என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இதே சொந்தத்தில் இருநூறு கல்யாணம் நடந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் மொத்த மொய் தெரியும், யார் யார் வந்தார்கள் என்று வீடியோவில் பார்த்தும் சொல்லிவிடலாம். பெரிய மாமா வந்த கல்யாணங்களின் சராசரி மொய் ஒரு பக்கம், வராத கல்யாணங்களின் சராசரி இன்னொரு பக்கம். வித்தியாசம்தான் பெரிய மாமாவின் பங்கு. அவ்வளவுதான் விஷயம். கல்யாணத்துக்குப் பதில் செடி, மொய்க்குப் பதில் மாவுச்சத்து, வீடியோவில் தெரியும் முகத்துக்குப் பதில் டி.என்.ஏ. மார்க்கர். கார்ல் சாக்ஸ் 1923-ல் பீன்ஸ் விதையின் நிறத்தையும் எடையையும் வைத்துச் செய்தது இதைத்தான். மார்க்கர் என்ற சங்கதி வராத காலம் என்பதால் விதையின் நிறமே அவருக்கு மார்க்கர்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பெரிய மாமாவும் அவர் தம்பியும் எப்போதும் ஒரே பஸ்ஸில்தான் வருவார்கள் என்றால், மொய் எழுதியது அண்ணனா தம்பியா என்று பிரிக்க முடியாது. குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ஜீன்களும் அப்படித்தான், சேர்ந்தே பிள்ளைக்குப் போகும். அதனால் க்யூடிஎல் என்று சொல்வது பெரும்பாலும் ஒரு ஜீனை அல்ல, ஒரு தெருவை. அந்தத் தெருவில் இருநூறு வீடு இருக்கலாம். மார்க்கர் இல்லாத இடைவெளிகளிலும் தேடுவதற்கு ஒரு கணக்கு முறையை 1989-ல் எரிக் லாண்டரும் டேவிட் பாட்ஸ்டைனும் எழுதிக் கொடுத்தார்கள். இந்த லாண்டர் 1980-களில் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் மேனேஜீரியல் எகனாமிக்ஸ் பாடம் நடத்தியவர். பி.காம். படிக்கிறவனுக்கு ஜீன் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்தத் தகவல் சமர்ப்பணம் :-)

சில சமயம் பெரிய மாமா நிஜமாகவே தங்கச் சங்கிலி போட்டிருப்பார். நெல்லில் நடந்தது அதுதான். ஒடிசாவில் விவசாயிகள் கையிலிருந்த ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர்.13ஏ என்ற நெல், தண்ணீருக்குள் முழுகி இரண்டு வாரம் கிடந்தாலும் சாகாது. ஷூவும் மெக்கிலும் 1996-ல் தேடியபோது, முழுகித் தாங்கும் திறனில் கிட்டத்தட்ட 70 சதவீத வித்தியாசம் ஒன்பதாவது குரோமோசோமில் ஒரே இடத்திலிருந்து வருவதாகத் தெரிந்தது. அதற்கு சப்1 என்று பெயர் வைத்தார்கள். 2006-ல் அந்தத் தெருவில் எந்த வீடு என்பதும் தெரிந்துவிட்டது. 2009-ல் ஸ்வர்ணா-சப்1 இந்தியாவில் வெளிவந்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் நம்ம ஊர் சி.ஆர்.1009 நெல்லில் இதே சப்1-ஐ ஏற்றி சி.ஆர்.1009 சப்1 கொடுத்தது. ரகம் பழையதுதான், சுவை அதேதான், வெள்ளம் வந்தால் மட்டும் தாங்கும். இதைவிட அழகான வெற்றிக் கதை பயிர் மரபியலில் குறைவு.

மரவள்ளிக்கும் ஒரு சங்கிலி கிடைத்திருக்கிறது. இலை சுருண்டு மஞ்சள் திட்டுத் திட்டாகப் போகும் தேமல் நோய் வெள்ளை ஈயால் பரவும். நோயுள்ள செடியின் குச்சியை வெட்டி நட்டால் குச்சியோடும் பரவும். ஆப்பிரிக்க நாட்டு ரகங்களில் கிடைத்த சி.எம்.டி.2 என்ற ஒரே இடம் இந்த நோயை நிறுத்துகிறது. அது எந்த ஜீன் என்று 2022-ல் பிடித்துவிட்டார்கள்.

தொல்லை எங்கே ஆரம்பிக்கிறது என்றால், இந்த இரண்டு கதையையும் கேட்டவர்கள் மகசூலுக்கும் பாயிண்டுக்கும் வறட்சிக்கும் இப்படி ஒரு சங்கிலி எங்கோ இருக்கிறது, தேடினால் கிடைக்கும் என்று நினைப்பதில்தான். பெரும்பாலான கல்யாணங்களில் மொய் நூற்றி ஒன்றும் ஐநூற்றி ஒன்றுமாகச் சேர்ந்ததுதான். மனிதன் உயரத்தையே எடுத்துக்கொண்டால், 2022-ல் 54 லட்சம் பேரின் மரபுத் தகவலை வைத்துத் தேடினார்கள். உயரத்தோடு தொடர்புள்ள இடங்கள் 12,111 கிடைத்தன! ஐரோப்பிய வம்சாவளியினரில் உயர வித்தியாசத்தில் 40 சதவீதத்தை அவை விளக்கின. அதே பட்டியலை மற்ற வம்சாவளியினரிடம் வைத்துப் பார்த்தபோது 10-லிருந்து 20 சதவீதம்தான். ஓர் ஊர்க்காரர்களை வைத்து வரைந்த மேப் அடுத்த ஊரில் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது.

54 லட்சம் பேரை வைத்துத் தேடினாலே இந்தக் கதி. பயிர்களில் 100, 150 செடி வம்சங்களை வைத்துக்கொண்டு "மகசூலில் 20 சதவீதம் தீர்மானிக்கும் க்யூடிஎல்" என்று அறிவித்த கட்டுரைகள் ஏராளம். வில்லியம் பீவிஸ் என்பவர் 1990-களில் இதைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டு ஒரு குண்டைப் போட்டார். 100 வம்சங்களை மட்டும் வைத்துத் தேடினால், கண்ணில் படும் ஜீன்களின் பங்கு உண்மையைவிடப் பல மடங்கு பெரிதாகத் தெரியும். 1000 வைத்துத் தேடினால்தான் உண்மைக்குப் பக்கத்தில் வரும். காரணம் எளிது. பத்தே பத்து கல்யாணத்தை வைத்துக் கணக்குப் போட்டால், தற்செயலாகப் பணக்கார வீட்டுக் கல்யாணம் இரண்டுக்கு வந்துபோன ஒன்றுவிட்ட சித்தப்பா தலையில் லட்சம் ரூபாய் மொய் எழுதியாகிவிடும். அவர் எழுதியது ஐம்பத்தொன்று. ஆடிட்டிங்கில் சாம்பிளைக் குறைத்துவிட்டு முடிவைப் பெரிதாகச் சொன்னால் என்ன பேர் என்று வகுப்பில் எல்லோருக்கும் தெரியும்.

தவிர, அந்த 1000 செடிகளையும் அளக்க வேண்டுமே! டி.என்.ஏ. படிப்பது வருடா வருடம் மலிவாகிக்கொண்டே போகிறது. கிழங்கைப் பிடுங்கி எடை போடுவது மலிவாகவில்லை. மரவள்ளி ஒன்பது, பத்து மாதப் பயிர். வருடத்துக்கு ஒரு முறைதான் அளக்கலாம். விதையிலிருந்து வளர்த்தால் ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு தினுசு. அதை நாலு ஊரில் நட்டுப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு செடிக்குக் கிடைக்கும் சில குச்சிகளை வருடக்கணக்கில் பெருக்க வேண்டும். லேப் வேலை மாதக் கணக்கில் முடியும், கொல்லை வேலை வருடக் கணக்கில் இழுக்கும். ஆனால் செய்தித்தாளில் வருவது லேப் போட்டோதான்.

ஆக, இந்த விஷயத்தில் தட்டுப்பாடு ஜீனுக்கு இல்லை, தராசுக்குத்தான். ஆராய்ச்சிப் பணத்தில் பெரும்பங்கு அளக்கும் வேலைக்குப் போக வேண்டும். அதிலும் பயிர் உண்மையாக விளையும் இடத்தில் அளக்கப் போக வேண்டும். பாசன வசதியுள்ள ஆராய்ச்சிப் பண்ணையில் 30 பாயிண்டு தந்த ரகம், மேலே கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்துச் சரிவில், மழையை மட்டும் நம்பி நிற்கும்போது என்ன தரும் என்பது அங்கே நட்டால்தான் தெரியும். தை மாதம் தாராளமாக எழுதும் சொந்தக்காரர் புரட்டாசியில் கையை விரிப்பதில்லையா? ஜீன்களுக்கும் பருவம் உண்டு, ஊர் உண்டு.

மலையடிவாரத்துக்குப் பக்கத்திலேயே ஏத்தாப்பூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஒய்.டி.பி.1, ஒய்.டி.பி.2 ரகங்கள் அங்கிருந்து வந்தவைதான். திருவனந்தபுரத்தில் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் 1963-லிருந்து இயங்குகிறது. இந்த வட்டாரத்தில் பேர் பெற்ற எச்.165, எச்.226 இரண்டும் அது 1971-ல் தந்தவை. நிலையங்கள் இருக்கின்றன, ரகங்களும் வருகின்றன. ஒவ்வொரு ரகமும் நூறு விதமான கொல்லையில் எப்படி நடந்துகொள்கிறது என்ற கணக்குத்தான் வேண்டும்.

அந்தக் கணக்குக்கு மூலதனம் ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. சேகோ ஆலைக்கு வரும் ஒவ்வொரு லோடும் எடை போடப்படுகிறது, பாயிண்டு பார்க்கப்படுகிறது, சீட்டு எழுதப்படுகிறது. உலகத்தில் வேறெங்காவது ஒரு ஆராய்ச்சியாளர் இத்தனை ஆயிரம் மாதிரிகளை அளக்க வேண்டுமென்றால் மானியம் கேட்டு விண்ணப்பம் எழுத வேண்டும். இங்கே தினசரி வியாபாரத்திலேயே அளந்து, காசு கொடுத்து வாங்கிய பிறகு சீட்டைக் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். மரவள்ளி குச்சியில் வளர்வதால் ஒரு ரகம் என்றால் எல்லாக் கொல்லையிலும் ஒரே ஜீன் தொகுப்பு. அதனால் டி.என்.ஏ. டெஸ்ட் கூட வேண்டாம். ரகத்தின் பெயர், நட்ட மாதம், ஊர், மானாவாரியா பாசனமா என்ற நாலு விவரம் பாயிண்டோடு சேர்ந்தால் போதும். பாயிண்டு வித்தியாசத்தில் ரகத்துக்கு எவ்வளவு பங்கு, மண்ணுக்கும் மழைக்கும் எவ்வளவு பங்கு என்று பிரித்துவிடலாம்.

இது ஜீன் மேப் ஆகிவிடுமா என்றால் ஆகாது. ஐந்தாறு ரகங்களை வைத்துக்கொண்டு மேப் போட முடியாது, அதற்கு நூற்றுக்கணக்கில் வேறு வேறு செடிகள் வேண்டும். ஆனால் மேப் போடுவதற்கு முன்னால் தெரிய வேண்டிய விடை இதில் கிடைக்கும். ரகத்தின் பங்கு பத்து சதவீதம்தான் என்று தெரிந்தால், பாயிண்டு ஜீனைத் தேடுவதைவிட எந்த மாதம் பிடுங்குவது என்று சொல்லிக் கொடுப்பது லாபம். அறுபது சதவீதம் என்று வந்தால் தேடலில் தாராளமாகப் பணம் போடலாம். முதலீடு செய்வதற்கு முன்னால் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் பார்ப்பது மாதிரிதான் இது.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒரு நியாயமான வாதம் உண்டு. இப்போது யார் ஒவ்வொரு ஜீனாகத் தேடுகிறார்கள் என்பார்கள். உண்மைதான். 2001-ல் மியூவிசென், ஹேஸ், கோடார்டு மூவரும் சொன்ன முறையில் எது எந்த ஜீன் என்ற விசாரணையே கிடையாது. ஆயிரக்கணக்கான மார்க்கர்களையும் மொத்தமாகப் போட்டு, இந்தக் கன்று நல்ல பால் தரும், இந்தச் செடி நல்ல மகசூல் தரும் என்று முன்கூட்டியே கணிக்கிறார்கள். அமெரிக்காவில் கறவை மாடுகளுக்கு 2009-லிருந்து இது நடைமுறை. ஆப்பிரிக்க மரவள்ளியிலும் வந்துவிட்டது. ஐம்பத்தொன்று எழுதியவர்களை எல்லாம் தனித்தனியாகக் கண்டுபிடிக்காமலே அடுத்த கல்யாணத்தில் எவ்வளவு விழும் என்று சொல்லிவிடும் சாமர்த்தியம்! ஆனால் அந்தக் கணிப்புக்குத் தீனி எது? முன்னால் அளந்து வைத்த ஆயிரக்கணக்கான எடையும் பாயிண்டும்தான். தராசு இல்லாமல் இதுவும் நகராது. நைஜீரியாவில் அளந்ததை வைத்துக் கல்வராயன் மலைக்கு ஜோசியம் சொன்னால், மனித உயரத்தில் பார்த்த கதைதான் திரும்பவும்.

மரவள்ளிக்காவது ஆலைக்காரர்கள் இருக்கிறார்கள், 1981-ல் தொடங்கிய சேகோசர்வ் இருக்கிறது. மலையில் அதற்கு முன்னாலிருந்தே விளைந்த சாமைக்கு யார் இருக்கிறார்கள்? தினையின் மரபுத் தொகுப்பை 2012-லேயே படித்து வெளியிட்டாயிற்று, கேழ்வரகு 2017-ல் வந்தது. சாமை அந்த வரிசையில் பின்னால்தான் நின்றது. அதன் பூ கண்ணுக்கே சரியாகத் தெரியாத அளவு சின்னது, தன்னைத் தானே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும். இரண்டு ரகத்தை ஒட்டுச் சேர்ப்பதே பெரும்பாடு. ஒட்டுச் சேர்க்காமல் மேப் ஏது? திருவண்ணாமலை மாவட்டம் அத்தியந்தலில் உள்ள சிறுதானிய மையம் 2019-ல் ஏ.டி.எல்.1 சாமையை வெளியிட்டது நல்ல விஷயம். ஆனால் பக்கத்துக் கொல்லிமலையில் மட்டும் மல்லியச் சாமை, பெருஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை என்று மலையாளி மக்கள் பெயர் சொல்லிப் பிரித்து வைத்த ரகங்களை எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பதிவு செய்திருக்கிறது. அங்கேயே சாமை நிலத்தை மரவள்ளி பிடித்துக்கொண்டதையும் பதிவு செய்திருக்கிறது. கல்வராயனிலும் மலையாளி மக்கள்தான், சாமைதான், மேலே ஏறி வந்த மரவள்ளியும் அதேதான். விதை கைவிட்டுப் போன பிறகு தராசும் உதவாது, சீக்வென்சிங் மெஷினும் உதவாது. எஃப்.ஆர்.13ஏ ஒடிசாவில் யாரோ ஒருவர் வயலில் தொடர்ந்து விதைக்கப்பட்டதால்தான் சப்1 கிடைத்தது.

பணக் கணக்கில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. நாளைக்கே எல்லா ரகமும் மூன்று பாயிண்டு கூடுதலாகத் தர ஆரம்பித்தால் விவசாயிக்கு லாபமா? முதல் இரண்டு வருடம், முதலில் நட்டவர்களுக்கு லாபம். எல்லோரும் நட்ட பிறகு சந்தையில் மாவு அதிகமாகும், பாயிண்டு விலை இறங்கும், மிச்சம் ஆலைக்கும் ஜவ்வரிசி வாங்குபவருக்கும் போகும். அதனால் இந்த ஆராய்ச்சிக்கு விவசாயி தலையில் செஸ் போடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அது அநியாயம். அரசும் ஆலைகளும் போட வேண்டிய காசு இது. தேமல் எதிர்ப்பு மாதிரி நஷ்டத்தைத் தடுக்கும் ரகங்கள்தான் விவசாயி பக்கம் கொஞ்சம் கூடுதலாக நிற்கும்.

ஜீன் ஒன்றையே நம்பி உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதே வட்டாரத்தில் ஒரு சாட்சி. 2020-ல் கேரளத்தில் முதலில் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி தமிழ்நாட்டு மரவள்ளியையும் சூறையாடியது. எதிர்ப்புச் சக்தி உள்ள ரகம் தேடி மேப் போட்டுக்கொண்டிருந்தால் பத்து வருடம் ஆகியிருக்கும். ஆப்பிரிக்காவில் 1980-களில் இதே பூச்சியை அடக்கிய குட்டிக் குளவியைப் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, பெங்களூரின் பூச்சி வள நிறுவனம் வளர்த்து, 2022-ல் ஏத்தாப்பூரில் பறக்கவிட்டார்கள்.

சேகோ ஆலைகள் அடுத்த பருவத்துக்குச் சீட்டுப் புத்தகம் அச்சடிக்கும்போது எடை, பாயிண்டு கட்டங்களுக்குப் பக்கத்தில் ரகம், நட்ட மாதம், ஊர், பாசனம் என்று நாலு கட்டம் சேர்க்கலாம். வருடக் கடைசியில் அதன் நகல் ஏத்தாப்பூருக்குப் போகலாம். அச்சுச் செலவு கூடினால் புத்தகத்துக்கு இரண்டு ரூபாய் கூடும்.